உயிருள்ள கொம்பு

தென்றல் கார்டனில் அந்த வருஷத்து நிறம் ஆரஞ்சு என்று சங்கக் கூட்டத்தில் கைதூக்கி முடிவு செய்தார்கள். முந்தின வருஷம் ஊதாவும் அதற்கு முந்தின வருஷம் வெள்ளையும் ஆகிவிட்டதால் இந்தத் தடவை கண்ணைப் பறிக்கிற மாதிரி ஏதாவது வேண்டும் என்று செயலாளர் திருமூர்த்தி சொன்னார். காவி நிறமா என்று பின்வரிசையிலிருந்து யாரோ சந்தேகமாகக் கேட்டதற்கு, காவியில்லை, ஆரஞ்சு, வித்தியாசம் தெரியாதவர்கள் பெயிண்ட் கடைக்குப் போய் நிற அட்டையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று எரிந்து விழுந்தார். கிணத்துக்கடவுக்குத் தெற்கே ஒரு தென்னந்தோப்பை வெட்டிச் சமன்படுத்திப் போட்ட மனைகள் அவை. வெட்டின மரங்களுக்குப் பரிகாரமாகவோ என்னவோ, ஒவ்வொரு வீட்டுக்காரரும் முன்சுவரில் ஒரு பூங்கொடி ஏற்ற வேண்டும், வருஷத்துக்கு ஒரு நிறம், தை மாசத்து ஆண்டு விழாவன்று வெளியூர் நடுவர்கள் வந்து சிறந்த கொடிக்குக் கேடயம் தருவார்கள் என்று ஒரு வழக்கத்தை உண்டாக்கி வைத்திருந்தார்கள். கேடயம் என்னவோ பிளாஸ்டிக்தான். அதற்காகக் கூடப்பிறந்தவர்கள் பேச்சை நிறுத்தியிருக்கிறார்கள்.

மூன்றாம் வீதி இந்திராணிக்கு ஒரு தடவைகூட அந்தக் கேடயம் கிடைத்ததில்லை. ஆகவே மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பை தூக்குவதற்குத் தன் வீட்டுக்காரர் நாச்சிமுத்துவின் தங்கை மயிலாத்தாளையும் கூட்டிக்கொண்டு நர்சரிக்குப் போனாள். மயிலாத்தாள் கட்டின இடத்தில் வாழ முடியாமல் ஒரு தகரப் பெட்டியோடு அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். வந்த நாளிலிருந்து துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்து அறையில் படுத்து, அந்த வீட்டின் சோற்றையும் சாற்றையும் பாத்திரத்தையும் தன் இரண்டு கைகளால் பார்த்துக்கொண்டிருந்தவள். அவள் படுக்கிற அறைக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது, அரிசி மூட்டையும் அங்கேதான் இருந்ததால் யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் திறந்துகொண்டு வருவார்கள். இப்போது உடுமலையில் ஒரு பெண்கள் விடுதியில் அவளுக்குச் சமையல் வேலை கிடைத்திருந்தது, தனி அறை, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளலாம் என்று வார்டனம்மா போனில் சொல்லியிருந்தார், மறுநாள் திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். தகரப் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுத்தான் நர்சரிக்கு வந்திருந்தாள்.

இந்திராணி ஒவ்வொரு கொடியாகப் பார்த்து ஒவ்வொன்றாகத் தள்ளினாள். ஆரஞ்சுக் காகிதப்பூ வேண்டாம், முள் சேலையைக் கிழிக்கும், அதோடு எதிர்வீட்டுக்காரி முந்திக்கொண்டு வாங்கிவிட்டாள். கொத்துக் கொத்தாய்த் தொங்குகிற ஃப்ளேம் வைன் வேண்டாம், பனிக்காலத்தில் கொஞ்ச நாள் பூத்துவிட்டு மிச்ச வருஷம் முழுக்க வெறும் பச்சையாய் உட்கார்ந்திருக்கும். நடுவில் கருப்புப் பொட்டு வைத்த துன்பெர்ஜியா வேண்டாம், அது வீட்டுக்குள் நடப்பதை வேவு பார்க்கிற மாதிரி இருக்கிறது. ஊதுகுழல் மாதிரிப் பூக்கிறது வேண்டாம், எறும்பு ஏறும். செங்காந்தள் வேண்டவே வேண்டாம், கிழங்கு விஷம், வீட்டில் யார் மனசில் எப்போது என்ன தோன்றும் என்று சொல்ல முடியாது. நர்சரிக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் கொட்டகைக்குப் பின்னாலிருந்து கருப்புப் பையில் ஒரு முழம் உயரத்துக்கு நின்ற கொடியொன்றைக் கொண்டுவந்து வைத்தார்.

"பேரு எனக்கும் தெரீலீங்க. மலைல இருந்து ஒருத்தரு கொண்டாந்து குடுத்தாரு. பூவுன்னா பூவு, அப்படி ஒரு ஆரஞ்சை நீங்க பாத்திருக்கவே மாட்டீங்க. ஆனா கம்பி, கயிறு, வலை எதுலயும் இது ஏறாதுங்க. மொளகுக் கொடிக்கு முருங்கைய நட்டு ஏத்தறமில்லீங்களா, அந்த மாதிரி உசுரோட இருக்கற கொம்பு வேணும்."

"கல்யாண முருங்கைக் கொம்பு ஒண்ணு ஒடிச்சு நட்டுட்டாப் போச்சு, நங்கையா. இந்த ஈரத்துக்குச் சீக்கிரம் துளுத்துக்கும்" என்று அண்ணியிடம் சொன்னாள் மயிலாத்தாள்.

"முருங்கையா? கம்பளிப்பூச்சி வாசலெல்லாம் நெளியறதுக்கா? உன்ற யோசனையெல்லாம் சமையக்கட்டோட வெச்சுக்க" என்றாள் இந்திராணி.

சாயங்காலம் முன்சுவரோரம் குழி வெட்டி நட்டார்கள். நர்சரிக்காரன் கிடக்கிறான், கம்பியிலேயே கட்டிப் பார்ப்போம் என்று இந்திராணி முடிவெடுத்து, கொடியின் நுனியை மயிலாத்தாள் கையில் கொடுத்து, நூல் எடுத்து வருகிறேன், அசையாமல் பிடித்துக்கொண்டு நில் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். போன இடத்தில் போன் வந்தது, போனில் பொள்ளாச்சித் தங்கச்சி, தங்கச்சிக்குச் சம்பந்தி வீட்டோடு மனஸ்தாபம், அது ஒரு போனில் தீர்கிற விஷயமா? மயிலாத்தாள் அசையாமல் நின்றாள், அந்த வீட்டில் அவள் படித்துக்கொண்ட ஒரே பாடம் அதுதான். கொடி அவள் சுண்டுவிரலை முதலில் சுற்றியது, பிறகு மணிக்கட்டை, பிறகு முழங்கையை, வெயில் தாழ்வதற்குள் இரண்டு தோளிலும் ஏறி இடுப்பைச் சுற்றி இறங்கிக் கால் இரண்டையும் சேர்த்துக் கட்டி, மறுபடி மேலே போய் உச்சந்தலைக்கு மேல் ஒரு பந்தல் மாதிரி விரிந்து, விளக்கு வைக்கிற நேரத்தில் மடமடவென்று பூத்தது. நர்சரிக்காரர் பொய் சொல்லவில்லை. அப்படி ஒரு ஆரஞ்சை அந்த வீதியில் யாரும் பார்த்ததில்லை.

நாச்சிமுத்து கத்தரிக்கோலோடு ஓடி வந்தார். கொடி வெள்ளரித் தண்டைவிட இளசு, ஒரு கத்தரிக்கோல் போதும், கையில் இருந்ததே போதும். இந்திராணி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பூத்து நிக்கற கொடில இரும்பு படக்கூடாதுங்க. வீட்டுல கல்யாணத்துக்கு நிக்கற புள்ளைய வெச்சுட்டு என்ன காரியம் பண்றீங்க? பூ உதுரட்டும், அப்பறம் அறுத்துக்கலாம்."

அந்தப் பக்கத்தில் எல்லார் வீட்டிலும் இருக்கிற நம்பிக்கைதான் அது, பூத்த கொடியில் இரும்பு பட்டால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு வாழ்க்கை அமையாது என்று மயிலாத்தாளுமே நம்பினாள். அண்ணன் மகள் தாரணியைத் தூக்கி வளர்த்தவள் அவள். "சரிங்ண்ணா, உதுரட்டும்" என்று அவளே சொன்னாள். ஆனால் அந்தப் பூ உதிர்கிற ஜாதியில்லை, ஒன்று உதிர்ந்தால் விடிவதற்குள் அந்த இடத்தில் கொத்தாகப் பூத்தது. நாச்சிமுத்து கத்தரிக்கோலைத் திரும்பக் கொண்டுபோய் மேஜை டிராயரில் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். நல்ல மனுஷன் என்று தென்றல் கார்டனில் அவருக்குப் பெயர். யாரிடமும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாதவர்களுக்கு நம்மூரில் அந்தப் பெயரைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள், எனக்கென்னவோ அப்படிப்பட்டவர்களைக் கண்டால்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

மறுநாள் காலையில் தென்றல் கார்டனே மூன்றாம் வீதியில் கூடி ஐயோ பாவம் என்றது, மத்தியானத்துக்குள் என்ன உரம் போட்டீர்கள் என்று கேட்டது. முதல் வீதி டாக்டர் வந்து நாடி பிடித்துப் பார்த்து என்னைவிட நன்றாக இருக்கிறாள் என்றார், குருக்கள் வந்து கொடுத்து வைத்தவள் என்றார், செயலாளர் டேப்பைக் கொண்டுவந்து கொடியை மட்டும் அளந்துகொண்டு போனார். குளிப்பதும் மற்றதும் எப்படி என்று பெண்கள் தங்களுக்குள் கொஞ்ச நாள் குசுகுசுத்தார்கள், அதையெல்லாம் கொடி பார்த்துக்கொண்டது, நிற்கிற பாரத்தையும் அதுவே வாங்கிக்கொண்டது, ஆகவே கேட்க வேண்டிய கேள்வி எதுவும் மிச்சமில்லை என்று நிம்மதியானார்கள். கல்யாணம் நிச்சயமான ஜோடிகள் போட்டோக்காரர்களோடு வந்து அவள் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கண்பட்டுவிடும் என்று கொடியின் அடித்தண்டுக்குக் கருப்புக் கயிறு கட்டினார்கள். பெயரில்லாத கொடிக்குப் பெயர் வேண்டுமே என்று சங்கம் கூடி யோசித்து, இந்திராணிக் கொடி என்று வைத்தது.

கேள்விப்பட்டு நர்சரிக்காரரும் வந்து பெருமையாகப் பார்த்தார். "ஒண்ணே ஒண்ணுங்க. இவங்களைவிட எளசான உசுரு எதாச்சும் பக்கத்துல வந்து தொட்டுச்சுன்னா, இவங்கள உட்டுட்டு அதும்மேல ஏறிக்கும். கொடியோட புத்தி அது. பெரியவங்களுக்கு ஒண்ணும் பண்ணாதுங்க." அன்றைக்கே சுண்ணாம்புத் தூளால் ஒரு கோடு போட்டு, சின்ன வயசுக்காரர்கள் தாண்டக்கூடாது என்று அறிவித்தார்கள். சோறு ஊட்டுவதற்குக் கல்யாண வீட்டு நீளக் கரண்டி ஒன்றைச் சங்கமே வாங்கித் தந்தது. பெரியவர்களுக்கு ஆபத்தில்லை என்பதை எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள், இருந்தாலும் கிட்டப் போய் ஒரு வாய் ஊட்டுவதற்குப் பெரியவர்கள் யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

கிட்டப் போனார்கள், வேறு ஒன்றுக்காக. அந்தக் கொடியில் ஒரு துண்டு கிடைத்தால் போதும், மண்ணில் வைத்தால் வேர் பிடித்துவிடும் என்று தெரிந்ததும், மயிலாத்தாளைவிட மூத்த, ஐம்பது தாண்டினவர்கள் ஒவ்வொருவராக வந்து கிள்ளிக்கொண்டு போனார்கள். இரும்பு படக்கூடாது, நகம் படலாமே!

"நகத்துல அங்க கிள்றீங்களே, இதா, இந்தக் கழுத்துக்கிட்ட, கைகிட்ட கொஞ்சம் கிள்ளி உடுங்க, நானும் போயிர்றேன்" என்று மயிலாத்தாள் ஒவ்வொருவரிடமும் கேட்டாள், மரியாதையாகத்தான் கேட்டாள்.

"அதெப்புடி அம்மிணி, நான் பதியத்துக்கில்ல கிள்றேன்" என்றார் செயலாளர் திருமூர்த்தி, அவர் முகத்தில் கள்ளமே இல்லை.

அப்புறம் தென்றல் கார்டனில் எந்தக் கொடி வைப்பது என்பது முடிந்துபோன பேச்சாகிவிட்டது, யாரைக் கொம்பாக வைப்பது என்பதே பேச்சு. டாக்டர் வீட்டில் வாய் திக்குகிற தம்பி ஒருவர் இருந்தார், அவரை வைத்தார்கள். இரண்டு பேரும் வேலைக்குப் போகிற ஒரு வீட்டில், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிற தாயார் இருந்தார், அவரை வைத்துவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போனார்கள். செயலாளர் தன் மாமனாரை வைத்தார், பென்ஷன் வருகிற மாமனாரா, வராத மாமனாரா என்று இரண்டு நாள் யோசித்து, பென்ஷன் வருகிற பெரிய மாமனாரை விட்டுவிட்டு, அது இல்லாத சின்ன மாமனாரை வைத்தார். வீட்டில் மிச்சமாக யாருமே இல்லாத ஒரு குடும்பம் வெட்கப்பட்டுப்போய், தாராபுரத்தில் தனியாகக் கிடந்த தூரத்து உறவுக்காரி ஒருத்தியை எங்களோடு வந்து இருங்கள் என்று ஆசையாகக் கூப்பிட்டு வந்தது, அவள் கார் ஏறும்போது அழுதுகொண்டே எல்லாரையும் கும்பிட்டாளாம். யார் நிற்பது என்று ஒரு வீட்டில்கூடச் சண்டை வரவில்லை. எல்லா வீட்டுக்கும் ஆள் கிடைத்தது.

இருந்தாலும் இந்திராணி வீட்டுக் கொடிக்குப் பக்கத்தில் எதுவும் நிற்க முடியவில்லை. மற்ற வீட்டுக் கொம்புகள் கூன் விழுந்தவை, முட்டி மடங்கியவை, இருமுகிறவை. மயிலாத்தாள் நெட்டுக்குத்தாக நின்றாள். கேடயம் மூன்றாம் வீதிக்குத்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். அவள் பேச்சு மட்டும் யார் காதிலும் விழாமல் போய்விட்டது, அறுத்துவிடுங்கள் என்று அவள் சொல்வது காலையில் பால்காரர் மணி அடிப்பது போல அந்த வீதியின் சத்தங்களில் ஒன்றாகிவிட்டது, இந்திராணி அதைக் கேட்டுக்கொண்டே குழாயைப் பிடித்து அவள் காலடியில் தண்ணீர் பாய்ச்சிவிட்டுப் போனாள்.

உடுமலை வார்டனம்மா ஒருநாள் நேரிலேயே வந்தார். மயிலாத்தாள் முதலில் அவர் கையைத்தான் பார்த்தாள், வார்டனம்மாவுக்கும் வயசு ஐம்பதுக்கு மேலே, கையில் வளையலும் நகமும் இருந்தன. அவர் கொடியை ரொம்ப நேரம் பார்த்தார்.

"பூத்துக் குலுங்கறத அறுக்க எனக்கு மனசு வரல, மயிலாத்தா. உங்க வீட்டுக்காரங்களே பாத்துச் செய்வாங்க. இந்த ஆண்டு விழா அன்னைக்கு வரைக்கும் உனக்காக எடத்த வெச்சிருக்கேன். அன்னைக்குப் பொழுதுக்குள்ள வந்து சேரலீன்னா வேற ஆளப் போட்டுருவேன், புள்ளைங்க சோத்துக்கு நான் என்ன பண்றது, சொல்லு?"

"அந்த ரூமு?" என்றாள் மயிலாத்தாள்.

"அந்த ரூமுந்தான்."

கொடிக்காக இல்லாமல் அவளுக்காகக் கோட்டைத் தாண்டிப் போகிற ஒரே ஆள் தாரணி. பொள்ளாச்சியில் பி.காம். படித்துக்கொண்டிருந்த அந்தப் பெண் முதல் வாரத்திலேயே டிராயரிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்தாள், எனக்குக் கல்யாணமே ஆகாவிட்டால் போகிறது என்றாள். கத்தரிக்கோல் கிட்ட வருவதற்குள் கொடியின் நுனிகளெல்லாம் ஒரே சமயத்தில் அவள் பக்கம் திரும்பின, மயிலாத்தாள் "போடி அக்கட்டால, போ!" என்று கத்தி, எச்சில் துப்பி, வாயில் வராத வார்த்தையெல்லாம் சொல்லி அவளை விரட்டினாள். இந்திராணி கத்தரிக்கோலைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். அப்புறம் தாரணி நீளக் கரண்டியைத் தூக்கி எறிந்துவிட்டு, வாழை மட்டையில் சோற்றுருண்டையை வைத்துக் கையை எட்டின மட்டும் நீட்டி ஊட்டினாள், நுனிகள் திரும்பினால் இழுத்துக்கொள்வாள், மறுபடி நீட்டுவாள். காலேஜில் நடந்ததையெல்லாம் சொல்வாள். மயிலாத்தாள் பேசுவது அவள் ஒருத்திக்குக் கேட்டது.

ஆண்டு விழாவன்று மத்தியானம் தென்றல் கார்டன் பந்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தது, இந்திராணி நடுவர்களுக்கு வெங்காய பஜ்ஜி போட மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். தாரணி வந்து கோட்டுக்கு உள்ளே நின்றாள்.

"அத்தை, இன்னிக்கு உட்டா அந்த வேலை போயிரும்."

"தெரியும் கண்ணு."

"நா யோசிச்சுட்டேன். என்ற மேல ஏறிக்கட்டும். பெத்த புள்ளைன்னா எங்கம்மா கை சும்மா இருக்குமா? இரும்பாவது, கல்யாணமாவது, பல்லுல கடிச்சாவது அறுத்துருவா. பத்து நிமிஷம் அத்தை. நீங்க அதுக்குள்ள பஸ் ஏறிருங்க."

மயிலாத்தாள் இந்திராணியோடு ஒரே அடுப்பில் வெந்தவள். இந்திராணி எதை விடுவாள், எதை விடமாட்டாள் என்பது இந்திராணிக்கே தெரியாத அளவுக்கு அவளுக்குத் தெரியும். வேண்டாம் கண்ணு என்கிற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது, எச்சில் துப்பி விரட்டின அதே வாய்தான், ஆனால் எத்தனையோ பேரிடம் எத்தனையோ தடவை கேட்டுக் கேட்டு அந்த வாய் வறண்டுபோயிருந்தது, அவள் அந்த வார்த்தையை விழுங்கிவிட்டாள். பெத்தவளாச்சே, அறுத்துவிடுவாள் என்று தனக்குத்தானே ஒரு தடவை சொல்லிக்கொண்டாள். பிறகு, மறு கையில் கொடி சுற்றாமல் விட்டிருந்த சுண்டுவிரல் நுனியை மெல்ல நீட்டினாள். தாரணி சிரித்துக்கொண்டே அதைப் பிடித்தாள்.

கொடி அவளை விட்டு இறங்குவதற்கு வெகு நேரம் ஆகவில்லை. மயிலாத்தாள் தகரப் பெட்டியை எடுக்க உள்ளே போகவில்லை, சேலையைச் சரிசெய்துகொண்டு கேட்டைத் திறந்து, முட்டி மடங்காத காலை இழுத்து இழுத்து மூன்றாம் வீதியில் நடந்தாள், பந்தலைத் தாண்டித்தான் போனாள். தினமும் அவள் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டவர்களில் ஒருவருக்குக்கூட அவளை அடையாளம் தெரியவில்லை, பூவில்லாமல் அந்த முகத்தை யார் பார்த்திருக்கிறார்கள்? ஒருவர் மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போங்கம்மா என்றார். அவள் நிற்கவில்லை. முதுகுக்குப் பின்னால் தாரணி அம்மாவைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது, உடுமலை பஸ் வந்தது, ஏறிக்கொண்டாள், திரும்பிப் பார்க்காமல் இருப்பதற்காக முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

இந்திராணி மாவுக் கையோடு வெளியே வந்தாள். பார்த்தாள். வயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது அவளுக்கு, அது உண்மையான சத்தம், அதில் ஒரு பொய்யும் இல்லை. பின்கட்டுக்கு ஓடித் தேங்காய் உரிக்கிற இடத்தில் கிடந்த அரிவாளை எடுத்துக்கொண்டு, கல்லில் கால் இடித்து நகம் பெயர்ந்ததுகூடத் தெரியாமல் ஓடி வந்தாள், மகள் கழுத்தோரம் கொடியை இடது கையால் பிடித்து வலது கையை ஓங்கினாள். கேட்டுக்கு வெளியே கார் வந்து நின்றது. கதவுகள் திறந்தன.

புது உசுரு கிடைத்த கொடி இந்தச் சித்த நேரத்துக்குள் மாடிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் போயிருந்தது. இலையே தெரியாமல் பூத்திருந்தது, முன்னே இருந்த ஆரஞ்சு இதன் பக்கத்தில் வெளுத்த துணி. காரிலிருந்து இறங்கின நடுவரம்மா நெஞ்சில் கைவைத்து, அடேயப்பா என்று நின்றுவிட்டார். செயலாளர் திருமூர்த்தி கைதட்ட ஆரம்பித்தார். பின்னால் வந்த நாச்சிமுத்து, "வந்துட்டாங்களே" என்று மனைவியிடம் மெதுவாகச் சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டார்.

"அம்மா, சீக்கிரம்" என்றாள் தாரணி.

இந்திராணியின் ஓங்கின கை கீழே வந்தது. அரிவாள் அவள் சேலை மடிப்புக்குள் போனது. அவள் மகளிடம் இன்னும் கிட்டப் போய், கண் மை கலையாமல் முந்தானை நுனியால் அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள், கழுத்தோரம் நசுங்கியிருந்த ஒரு பூங்கொத்தை நீவி எடுத்து வெளியே தெரிகிற மாதிரி விட்டாள்.

"அவுங்க பாத்துட்டுப் போயிரட்டும், சாமி" என்றாள். "தலைய மட்டும் கொஞ்சம் நிமுத்திக்க."

தாரணி தலையை நிமிர்த்தினாள்.